உள்ளூராட்சி மன்றங்களும் பால்நிலை வரவு செலவுத் திட்டமும்

ஓர் உள்ளூராட்சி மன்றம் தனது வரவையும் செலவையும் திட்டமிடும்போது, அப்பணம் ஆண்களையும் பெண்களையும் எவ்வாறு சென்றடைகின்றது என ஆராய்ந்து, அதற்கேற்ப ஒதுக்கீடுகளை அமைத்துக்கொள்வதே பால்நிலை வரவு செலவுத் திட்டம் ஆகும். இதனைப் பால்நிலைப் பாதீடு எனவும் அழைப்பர்.

இதற்கு வரைவிலக்கணம் கேட்டால் மாணவர் பலர் “பெண்களுக்கெனத் தனியாகத் தயாரிக்கப்படும் வரவு செலவுத் திட்டம்” என எழுதிவிடுகின்றனர். இது தவறான விடையாகும். இங்கு தனியான திட்டம் எதுவும் இல்லை. சபையின் ஒரே திட்டம், “இந்தப் பணத்தாற் பயன்பெறுபவர் யார்?” என்ற கேள்வியுடன் வாசிக்கப்படுகின்றது. அவ்வளவுதான்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றைப் பிரதேச சபைகளிடம் ஒப்படைத்துள்ளது. வீதி விளக்கு, சந்தை, வடிகால், பொது மலசலகூடம், நூலகம், குப்பை அகற்றல் என்பன இவற்றுள் அடங்கும். தண்ணீர் எடுப்பது, பிள்ளைகளை முன்பள்ளிக்குக் கூட்டிச் செல்வது, நோயாளரைப் பராமரிப்பது ஆகிய வேலைகளைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். எனவே சபை செய்யாது விடும் வேலைகளின் சுமையும் முதலில் அவர்கள் மீதே விழுகின்றது. ஊரிலுள்ள பொதுக் குழாய் பழுதடைந்தால் சபையின் கணக்கில் எந்தச் செலவும் பதியப்படுவதில்லை. ஆனால் தூரத்துக் கிணற்றுக்குப் போய்வரும் பெண்ணுக்கு நாள்தோறும் ஒரு மணித்தியாலம் செலவாகின்றது. இச்செலவு எந்த ஏட்டிலும் இல்லை.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். (தொகைகள் விளக்கத்திற்காகக் கற்பனையாகத் தரப்பட்டவை.) ஒரு பிரதேச சபை தன்னிடமுள்ள 40 இலட்சம் ரூபாவில் 30 இலட்சத்தை விளையாட்டு மைதானத்தில் பார்வையாளர் மண்டபம் கட்டவும், 10 இலட்சத்தை வீதி திருத்தவும் ஒதுக்குகின்றது. “ஆண்களுக்கு” என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் மாலையில் அம்மைதானத்தைப் பயன்படுத்துவோர் அநேகமாக இளைஞர்களே. அதே ஊர்ச் சந்தையில் அதிகாலை தொட்டு மரக்கறியும் மீனும் விற்கும் பெண்களுக்குள்ள ஒரேயொரு மலசலகூடத்தில் தண்ணீர் இல்லை. கதவுக்குப் பூட்டும் இல்லை. ஆதலால் அவர்கள் மதியம் வரை நீர் அருந்துவதையே தவிர்க்கின்றனர். நீர் அருந்தாமையும் சிறுநீரை அடக்கி வைத்திருத்தலும் சிறுநீர்த் தொற்றுக்கு வழிவகுக்கும் என்பதைச் சுகாதார பாடத்திலும் படித்திருப்பீர்கள். இத்தனைக்கும் அவர்கள் செலுத்தும் சந்தைக் கட்டணமும் சபையின் வருமானத்திற்குப் பங்களிக்கின்றது!

வீதி விளக்கும் இவ்வாறானதே. மாலை வகுப்பு முடிய ஆறரை மணியாகி, வழியும் இருட்டாயின், சில மாணவிகள் அரைவாசியில் எழுந்து செல்வர். சிலரை வீட்டார் வகுப்புக்கே அனுப்பார். பல்புக்கு ஒதுக்கப்படாத பணம் பரீட்சைப் பெறுபேற்றிலே தெரியவரும். பொதுப் போக்குவரத்தில் 90 வீதமான பெண்கள் வாழ்நாளில் ஒரு தடவையேனும் பாலியல் தொந்தரவுக்கு உள்ளாகியிருப்பதாக ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் நடத்திய ஆய்வொன்று 2017இல் வெளிப்படுத்தியது. பேருந்துத் தரிப்பிடத்தில் விளக்குப் பொருத்துவதும் பற்றைகளை வெட்டுவதும் பாதுகாப்பிற்கான செலவே.

இதற்காக மைதான மண்டபத்தைக் கைவிட வேண்டியதில்லை. மண்டபத்திற்கு 22 இலட்சம், வீதிக்கு 10 இலட்சம், சந்தை மலசலகூடத்திற்கு 5 இலட்சம், விளக்குகளுக்கு 3 இலட்சம் எனப் பிரித்தாலும் மொத்தம் அதே 40 இலட்சமே. ஆனால் எதை, யார், எந்நேரத்திற் பயன்படுத்துகின்றனர் என்று ஆண், பெண் வேறாகத் திரட்டிய தரவுகள் இல்லாமல் இவ்வாறு பிரிக்க முடியாது.

உலகில் இம்முயற்சியை 1984இல் அவுஸ்திரேலிய மத்திய அரசு ஆரம்பித்து வைத்தது. உள்ளூராட்சி மட்டத்தில் நமக்கு அண்மித்த உதாரணம் இந்தியாவின் கேரள மாநிலமாகும். அங்கு 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் கீழ், உள்ளூராட்சி அமைப்புகள் தமது திட்ட நிதியில் குறைந்தது 10 வீதத்தைப் பெண்களுக்கான திட்டங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஆரம்பத்தில் பல பஞ்சாயத்துகள் தையல் இயந்திரமும் ஆடு கோழியும் வழங்குவதோடு நின்றுவிட்டன என்ற விமர்சனம் எழுந்தது. விமர்சனம் நியாயமானதே. 10 வீதத்தை மட்டும் கவனித்து மீதி 90 வீதத்தை ஆராயாது விட்டால் அது பால்நிலைப் பாதீடு ஆகாது.

இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீட்டை ஏற்படுத்தியது. அதற்கு முன் 2 வீதமளவிலேயே இருந்த பெண் பிரதிநிதித்துவம் 2018 பெப்ரவரித் தேர்தலின் பின் 20 வீதத்தைக் கடந்தது. இது பெரிய மாற்றம். எனினும் பிரதிநிதித்துவ ஒதுக்கீடும் நிதி ஒதுக்கீடும் வெவ்வேறானவை. விடையில் இரண்டையும் குழப்பக்கூடாது. முன்னையது பெண்களைச் சபைக்குள் கொண்டுவருகின்றது. பின்னையது சந்தை மலசலகூடத்திற்குப் பூட்டைக் கொண்டுவருகின்றது.

மாதிரி வினா: உமது பிரதேசத்திலுள்ள பொது வசதி ஒன்றைப் பெயரிட்டு, அதற்குச் செலவிடப்படும் பணம் ஆண்களையும் பெண்களையும் வெவ்வேறு விதமாகச் சென்றடைவதை விளக்குக. (குறிப்பு: “பெண்கள் பாதிக்கப்படுகின்றனர்” எனப் பொதுப்படையாக எழுதாது, இடம், நேரம், பயன்படுத்துவோர் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு எழுதுக.)