டாக்டரிடம் போனில் பேசினால் போதுமா? வீடியோவில் வரணுமா? மாத்தூர் மக்கள் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயங்கள்

மாத்தூர்:

மணலி அருகே உள்ள மாத்தூரில் இருந்து ராயபுரம் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு போய், சீட்டு வாங்கி, டாக்டரை பார்த்து திரும்பினால் ஒரு பகல் முடிந்து விடும். பொன்னேரி நெடுஞ்சாலையிலும் எண்ணூர் விரைவு சாலையிலும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்று விட்டால் கேட்கவே வேண்டாம். மணலி கம்பெனிகளில் கான்டிராக்ட் வேலைக்கு போகிறவர் லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு.

இதனால்தான் "டாக்டரிடம் போனிலேயே பேசி விடலாமே" என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. ஆனால் போனில் பேசுவதும் வீடியோவில் பேசுவதும் ஒன்று அல்ல. எதற்கு எது என்று தெரியாமல் பேசினால் மருந்து கிடைக்காமல் போகலாம். அதை விட மோசம், பெரிய நோய் கண்ணில் படாமலே போய் விடலாம்.

எப்போது வந்தது?

கொரோனா ஊரடங்கு தொடங்கிய நேரத்தில், 2020 மார்ச் 25-ந்தேதி மத்திய அரசு தொலை மருத்துவத்துக்கான விதிமுறைகளை வெளியிட்டது. எழுத்து மூலம், குரல் மூலம், வீடியோ மூலம் என 3 வழிகளில் டாக்டர் ஆலோசனை சொல்லலாம் என்று அதில் கூறப்பட்டது.

அடுத்த மாதமே 'இ-சஞ்சீவனி' என்ற இலவச வீடியோ ஆலோசனை சேவை வீட்டில் இருப்பவர்களுக்கும் திறந்து விடப்பட்டது. 2023 பிப்ரவரியில் இந்த சேவையில் நடந்த ஆலோசனைகள் 10 கோடியை தொட்டன. அப்போது மாநிலங்கள் வரிசையில் ஆந்திராவுக்கு அடுத்து 2-வது இடத்தில் இருந்தது தமிழகம்.

சாதாரண பட்டன் போனில் இருந்து பேச, தமிழகத்தில் 2013-ல் தொடங்கப்பட்ட 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. இதுவும் இலவசம்தான்.

மருந்து சீட்டில்தான் வித்தியாசம்

பலருக்கு தெரியாத விஷயம் இது. ஒரு டாக்டரிடம் முதல் முறையாக பேசுகிறீர்கள் என்றால், வெறும் போன் பேச்சை வைத்து அவர் எல்லா மருந்தும் எழுதி விட முடியாது.

காய்ச்சலுக்கு பாரசிட்டமால், வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரை கரைசல் போன்றவற்றை எந்த வழியில் பேசினாலும் சொல்லலாம். ஆனால் படை, சொறிக்கு தடவும் மருந்து, கண் வலிக்கு சொட்டு மருந்து, காதுக்கு சொட்டு மருந்து போன்றவற்றை முதல் முறை எழுத வேண்டும் என்றால் டாக்டர் வீடியோவில் பார்த்திருக்க வேண்டும். "போன்லயே சொல்லிடுங்க டாக்டர்" என்று கெஞ்சி பயன் இல்லை. அவர் மறுத்தால் அது அலட்சியம் அல்ல. விதி அப்படி.

அதே டாக்டரை கடந்த 6 மாதத்துக்குள் நேரில் பார்த்திருக்கிறீர்கள், அதே நோய்க்குத்தான் மறுபடியும் பேசுகிறீர்கள் என்றால் கதை வேறு. சுகர், பிரஷர், ஆஸ்துமாவுக்கு வழக்கமாக சாப்பிடும் மாத்திரையை தொடர போன் பேச்சே போதும். பழைய சீட்டையும், வீட்டில் பார்த்த சுகர், பிரஷர் அளவையும் கையில் வைத்து பேசினால் வேலை சீக்கிரம் முடியும்.

போதைத்தன்மை உள்ள மருந்துகளையும், 'ஷெட்யூல் எக்ஸ்' பட்டியலில் உள்ள மருந்துகளையும் இந்த விதிமுறைப்படி போனிலும் எழுதக் கூடாது, வீடியோவிலும் எழுதக் கூடாது.

கண்ணால் பார்க்க வேண்டியது எது?

தோலில் தடிப்பு, வீக்கம், கண் சிவப்பு, குழந்தை சோர்ந்து கிடப்பது, மூச்சு வாங்குவது, நடையில் தடுமாற்றம். இதெல்லாம் வாயால் சொல்லி புரிய வைப்பது கஷ்டம். வீடியோதான் சரி.

சுகர் நோயாளிகள் கால் விஷயத்தில் ரொம்ப கவனமாக இருக்க வேண்டும். நாள்பட்ட சுகர் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்து விடும். வலி தெரியாது. அதனால் போனில் "சின்ன புண்ணுதான், வலியே இல்ல" என்றுதான் சொல்ல வரும். வலி இல்லாததுதான் அங்கே ஆபத்து! ஓரம் கறுத்திருக்கிறதா, சீழ் இருக்கிறதா, வீக்கம் மேலே ஏறுகிறதா என்பதை பார்த்தால்தான் தெரியும். வீடியோவில் பார்த்து விட்டு டாக்டர் "நேரில் வாங்க" என்றால் அன்றைக்கே கிளம்பி விட வேண்டும். தள்ளிப் போட்டால் காலையே இழக்க நேரிடலாம்.

போன் நல்லது எப்போது?

ரத்த பரிசோதனை முடிவை கேட்பது, மாத்திரை ஒத்துக் கொள்ளவில்லை என்று சொல்வது, எந்த ஆஸ்பத்திரியில் எந்த பிரிவுக்கு போவது என்று விசாரிப்பது, இதற்கெல்லாம் வீடியோ தேவை இல்லை.

இன்னொரு விஷயம், வீடு. ஒரே அறையில் மாமியார், பிள்ளைகள் எல்லோரும் இருக்கும்போது கேமரா முன் உட்கார்ந்து மாதவிலக்கு பிரச்சினையை பேச எந்த பெண்ணுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். போன் என்றால் மாடிக்கு போய் பேசி விட்டு வரலாம். மனக்கஷ்டம், குடிப்பழக்கம் போன்றவற்றுக்கும் முகம் காட்டாமல் பேசவே பலர் விரும்புவார்கள். இதற்காகவே 2022 அக்டோபரில் 14416 என்ற 'டெலி மானஸ்' மனநல ஆலோசனை எண் நாடு முழுவதும் கொண்டு வரப்பட்டது.

வீட்டில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான், அதுவும் பையன் வேலைக்கு எடுத்து போய் விட்டான் என்றால் தாத்தா, பாட்டிக்கு பட்டன் போன்தான் கதி. தப்பில்லை. அவன் வந்த பிறகு புண்ணையோ தடிப்பையோ நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பலாம். அதற்கும் விதிமுறை இடம் கொடுக்கிறது. ஆனால் முதல் முறை மருந்து எழுத வீடியோ வேண்டும் என்ற இடத்தில் போட்டோ அதற்கு ஈடாகாது. காது மந்தமானவர்களுக்கு வீடியோதான் வசதி. டாக்டரின் வாய் அசைவை பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவர் எடுத்துச் சொல்லலாம்.

நர்ஸ் துணையோடு பேசலாம்

வீடியோ போட தெரியாது, நெட் கார்டு போட காசு இல்லை என்பவர்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு. சுகாதார நிலையத்தில் நர்சோ டாக்டரோ பக்கத்தில் இருக்க, பெரிய ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட்டிடம் வீடியோவில் பேசும் முறை 'இ-சஞ்சீவனி'யில் இருக்கிறது. பிரஷர் பார்ப்பது, வயிற்றை அழுத்தி பார்ப்பது போன்ற வேலையை பக்கத்தில் இருப்பவர் செய்து சொல்லி விடுவார். மாத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில், மணலி மண்டலத்தில் இருக்கிறது. அருகில் உள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த வசதி பற்றி கேட்டு பார்க்கலாம்.

இரண்டும் வேண்டாம்!

நெஞ்சு வலி, மூச்சு திணறல், வாய் கோணுதல், கை கால் திடீரென விழுந்து போவது, வலிப்பு, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு. இதற்கு போனும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். நேராக 108-ஐ கூப்பிட வேண்டும். தொழிற்சாலை பகுதி என்பதால் காற்றில் நெடி அடித்து கண் எரிந்து மூச்சு முட்டினாலும் இதேதான். லைனில் காத்திருக்கும் 10 நிமிடம் கூட உயிருக்கு உலை வைத்து விடும்.

மறக்க வேண்டாம்

* பேசுவது நிஜ டாக்டர்தானா? பெயரையும் பதிவு எண்ணையும் கேட்கலாம். மருந்து சீட்டில் பதிவு எண் கட்டாயம் இருக்க வேண்டும்.

* போனில் பேசும்போது திருப்தி இல்லை என்றால் "வீடியோவில் பார்க்கிறீங்களா?" என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. நேரில் வருகிறேன் என்றும் சொல்லலாம்.

* தனியார் டாக்டர் பீஸ் வாங்கினால் ரசீது தர வேண்டும்.

* டாக்டர் பெயரை சொல்லி யாராவது பேங்க் ஓ.டி.பி. கேட்டால் உடனே போனை வைத்து விடுங்கள்.

டாக்டருக்கு போன் போடும் முன் ஒரே ஒரு கேள்வியை உங்களுக்குள் கேட்டுக் கொள்ளுங்கள். "இதை டாக்டர் கண்ணால் பார்க்கணுமா, காதால் கேட்டால் போதுமா?" பதில் தெரியவில்லை என்றால் வீடியோவில் பேசுங்கள். பயமாக இருந்தால் நேரில் போங்கள்.