30 கி.மீ சைக்கிள், பள்ளத்தாக்கு, பழைய கோட்டை... அப்பாவோடு ஒருநாள் கண்டிக்கோட்டாவில்!

"ஏம்மா, இந்த வயசுல நான் மலை ஏறணுமா?"

ஜம்மலமடுகு லாட்ஜ் வாசலில், காலை ஐந்தரை மணிக்கு அப்பா கேட்ட கேள்வி இது. முப்பது வருஷம் சைக்கிளில் தபால் கொடுத்தவர் அவர். ஆனால், போன வருஷம் தெருமுனையில் சறுக்கி விழுந்து கை முறிந்ததிலிருந்து சைக்கிளைத் தொடவே இல்லை. மாடிப்படிக்குக் கீழே பழைய போர்வையைப் போர்த்தி நிறுத்திவிட்டார். அந்தச் சைக்கிளைத்தான் அவருக்கே தெரியாமல் சர்வீஸ் செய்து, கார் ரேக்கில் கட்டிக் கொண்டு வந்திருந்தேன்.

"ஏற முடியலைன்னா தள்ளிக்கிட்டுப் போலாம்ப்பா" என்றேன். பதில் சொல்லாமல் பெல்லை மட்டும் அடித்துப் பார்த்தார்.

எங்கே இருக்கிறது?

ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், சென்னையிலிருந்து சுமார் 350 கி.மீ தூரத்தில் இருக்கிறது கண்டிக்கோட்டா. தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடுக்கு. எர்ரமலைக் குன்றுகளை பெண்ணாறு அறுத்துக்கொண்டு போகும் இடம் இது. இந்த ஆற்றுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் வடபெண்ணைதான் இது. அதே மலைப் பகுதியில் பிறந்து கிருஷ்ணகிரி, கடலூர் பக்கம் வருவது தென்பெண்ணை. அக்கா நெல்லூர் பக்கம் போய்க் கடலில் சேர்கிறாள், தங்கை நம் பக்கம் வந்துவிட்டாள்!

கரிசல் காடு, பிறகு மேடு

ஜம்மலமடுகுவிலிருந்து கோட்டைக்குச் சுமார் 15 கி.மீ. முதல் பாதி சமதளம். இருபுறமும் கரிசல் மண், அதில் கொண்டைக்கடலைச் செடிகள். டிசம்பர் மாதக் காற்றில் பெடல் மிதிப்பதே தெரியவில்லை. அப்பா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்!

கோட்டையை நெருங்க நெருங்கத்தான் மேடு. பெரிய மலை எல்லாம் இல்லை. ஆனால், கியர் இல்லாத சைக்கிளுக்கு அதுவே பெரிசு. பாதியில் அப்பா இறங்கிவிட்டார். முகம் வாடிவிடுமோ என்று பயந்தேன். "மேடு வந்தா இறங்கித் தள்ளணும். முப்பது வருஷமும் அப்படித்தானே தபால் கொடுத்தேன்" என்றார் சிரித்தபடி. நானும் இறங்கிவிட்டேன். கியர் இருந்தும்!

ஊருக்குள் கோட்டை அல்ல, கோட்டைக்குள் ஊர்

பெரிய கதவுள்ள வாசலைத் தாண்டினால் உள்ளே வீடுகள், ஆடுகள், திண்ணையில் பாட்டிகள். இன்றும் மக்கள் வாழும் கிராமம் இது. 1123-ம் ஆண்டு காக்கராஜா என்பவர் இங்கே முதலில் கோட்டை அமைத்ததாகச் சொல்கிறார்கள். பிறகு விஜயநகரப் பேரரசின் கீழ் இருந்த பெம்மசானி நாயக்கர்கள் நீண்ட காலம் ஆண்டார்கள். 17-ம் நூற்றாண்டின் நடுவில் கோல்கொண்டாவின் அமைச்சர் மீர் ஜும்லா கோட்டையைப் பிடித்தார். பிரான்ஸ் நாட்டு நகை வியாபாரி தவேர்னியே, 1652-ல் அவரைச் சந்திக்க இங்கேயே வந்திருக்கிறார்.

இரட்டை மினார்களோடு ஜும்மா மசூதி, அதன் அருகே பிரமாண்டமான தானியக் களஞ்சியம், சற்றுத் தள்ளி மாதவராயர் கோயில் கோபுரம், ரங்கநாதர் கோயில். எல்லாமே நடந்து பார்க்கும் தூரம்தான். சைக்கிளை நிறுத்திப் பூட்டிவிடுங்கள்.

அந்த விளிம்பு...

மசூதியைத் தாண்டிப் பாறைகளின் மேல் நடந்தால், திடீரென்று தரை முடிந்துவிடுகிறது. கீழே சுமார் 300 அடி ஆழத்தில் பச்சை நிறத்தில் பெண்ணாறு. கீழே மயிலவரத்தில் அணை இருப்பதால் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. இருபுறமும் யாரோ செங்கல் அடுக்கியதுபோல சிவப்புப் பாறைகள். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மணல், அழுத்தத்தில் இறுகிக் கல்லான குவார்ட்சைட் பாறை இது. 'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்' என்று பெயர் வந்தது சும்மா இல்லை.

ஃபோனை உயர்த்தி, ஃப்ரேமில் ஆறு முழுசாகத் தெரிய ஓர் அடி பின்னால் வைத்தேன். "நில்லு!" என்று அப்பா போட்ட சத்தத்தில் ஆணி அடித்ததுபோல நின்றேன். திரும்பிப் பார்த்தால், இரண்டு அடியில் விளிம்பு. நான் நின்ற இடத்தில் தடுப்புக் கம்பியே இல்லை. கை நடுங்கியது. அப்பா திட்டவில்லை. என் தோளைப் பிடித்து உள்பக்கம் இழுத்து உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அவர் விழுந்துவிடக் கூடாதே என்று வழி முழுக்கக் கவலைப்பட்டவள் நான்!

அரை மணி நேரம் பேசாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எடுக்காமல் விட்ட அந்த போட்டோவைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

திரும்பும்போது இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி நிதானமாக வந்தார் அப்பா. ஜம்மலமடுகுவில் ஆளுக்கொரு தட்டு உக்கானி, மிளகாய் பஜ்ஜி. பொரியில் செய்யும் இந்த ராயலசீமா டிபனை மிஸ் பண்ணாதீர்கள்.

நீங்களும் கிளம்புகிறீர்களா?

* நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். கோடையில் இந்தப் பாறைகள் அடுப்பு மாதிரி கொதிக்கும்.
* விடிவதற்குள் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும்.
* பஞ்சர் கிட், காற்றுப் பம்ப், ஹெல்மெட் கட்டாயம். புறப்படும் முன் பிரேக்கைச் சரிபாருங்கள்.
* விளிம்பில் பின்பக்கமாக நகரவே நகராதீர்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள். மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. மாடிப்படிக்குக் கீழே இப்போது போர்வை மட்டும்தான் மடித்துக் கிடக்கிறது. காலையில் பால் வாங்கப் போவது சைக்கிளில்தான். நேற்று அப்பா கேட்டார்...

"ஏம்மா, அந்தத் தென்பெண்ணைப் பக்கம் எப்போ போறோம்?"