சின்னப் புழுவை விடலாமா, தின்னலாமா? பறவைகள் போடும் கணக்கு

இன்னைக்கு எபிசோடுல ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். பஸ் ஸ்டாப்புல நிக்கிறீங்க. கூட்டம் நிரம்பி வழியிற பஸ் ஒண்ணு வருது. ஏறுவீங்களா, விட்டுடுவீங்களா?

“அடுத்த பஸ் எப்போ வரும்னு தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்”னு சொல்வீங்க. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு காலி பஸ் வர்ற ரூட்டுன்னா கூட்ட பஸ்ஸை விட்டுடுவோம். ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணுதான்னா தொத்திக்கிட்டாவது போவோம். இதே முடிவைத்தான் ஒரு பறவை தினமும் நூற்றுக்கணக்கான தடவை எடுக்குது. எதைத் தின்பது, எதை விடுவது என்று விலங்குகள் எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்பதை 1966-இல் மெக்ஆர்தர், பியங்கா என்ற இரண்டு சூழலியலாளர்கள் கணக்காக எழுதிப் பார்த்தார்கள். அந்தக் கணக்கு உண்மையான பறவைகளிடம் பலிக்கிறதா என்பதுதான் இன்றைய பேச்சு.

ஓடும் பெல்ட்டில் புழுக்கள்

1977-இல் ஜான் கிரெப்ஸும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். அதில் பங்கெடுத்தது ‘கிரேட் டிட்’ என்ற ஐரோப்பியச் சிறு பறவை. நம்ம ஊர்ல பட்டாணிக் குருவின்னு சொல்றோமே, அதுக்கு நெருங்கின சொந்தம். கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் பெரிய புழுத்துண்டும் சின்னப் புழுத்துண்டும் மாறி மாறி வரும். கண்ணில் படுவது ஒரு நொடிக்கும் குறைவு. எடுக்கணும், இல்ல விடணும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நம்ம வசதிக்குத்தான், சோதனையில் வந்தவை இல்லை. பெரிய புழுவில் 8 பங்கு சத்து, சின்னதில் 4 பங்கு. எதை எடுத்தாலும் தின்று முடிக்க 5 நொடி. அப்படியானால் சின்னப் புழு கையில் இருக்கும்போது நொடிக்கு 0.8 பங்கு கிடைக்கும்.

பெரிய புழு தேட 10 நொடி ஆகுதுன்னு வைங்க. தேடும் 10, தின்னும் 5, மொத்தம் 15 நொடிக்கு 8 பங்கு. அதாவது நொடிக்கு 0.53. சின்னதே மேல், எடுத்துடணும். பெரிய புழு 2 நொடிக்கு ஒன்று கிடைக்கிறது என்றால், 7 நொடிக்கு 8 பங்கு, நொடிக்கு 1.14. இப்போ சின்னதைக் கொத்தினா நஷ்டம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. சின்னப் புழு எத்தனை வருது என்பது இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை! நல்ல பஸ் அடிக்கடி வருதுன்னா, கூட்ட பஸ் பத்து வந்தா என்ன, இருபது வந்தா என்ன?

சோதனையிலும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. பெரிய புழுக்கள் அரிதாக வந்தபோது பறவைகள் இரண்டையும் எடுத்தன. அடிக்கடி வந்தபோது பெரியதையே தேர்ந்தெடுத்தன. அதன்பின் சின்னதை அதிகமாக்கினாலும் மசியவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் கணக்கு முழுசாகப் பலிக்கவில்லை. நடுநடுவே சின்னதையும் ஒன்றிரண்டு எடுத்துக்கொண்டே இருந்தன.

காகமும் கடல் நத்தையும்

அடுத்தது கனடாவின் மேற்குக் கரை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மாண்டார்ட்டே என்ற சின்னத் தீவில் காகங்கள், நீர் வற்றும் நேரத்தில் கடல் நத்தைகளை எடுத்துப் பறந்து, பாறைமேல் போட்டு உடைத்துத் தின்னும். ரெட்டோ சாக் என்பவர் இதை ஆராய்ந்து 1979-இல் எழுதினார். காகங்கள் பெரிய நத்தைகளை மட்டுமே எடுத்தன. சுமார் 5 மீட்டர் உயரத்திலிருந்து போட்டன.

ஏன் 5 மீட்டர்? அவரே நத்தைகளை வெவ்வேறு உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தார். தாழ்வாகப் போட்டால் பல தடவை போட வேண்டியிருக்கும். 5 மீட்டருக்கு மேல் போனால் உடையும் வாய்ப்பு பெரிதாகக் கூடவில்லை, ஏறும் உழைப்புதான் கூடியது. சின்ன நத்தையோ எளிதில் உடையாது, உடைந்தாலும் உள்ளே கறி கொஞ்சம்தான். ஏறி இறங்கிய செலவுக்கே கட்டாது.

பசியும் சூதாட்டமும்

இதுவரை சொன்னது லாபக் கணக்கு. இனி சொல்லப்போவது உயிர்க் கணக்கு.

ஜங்கோ என்பது வட அமெரிக்காவின் சிறு பறவை, எடை சுமார் 20 கிராம். குளிர்கால இரவு முழுக்க அது எதுவும் தின்ன முடியாது. பகலில் சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் விடியும்வரை உடம்புச் சூட்டைக் காக்கணும். கொழுப்பு போதவில்லையென்றால் விடியலைப் பார்க்காது.

தாமஸ் கராக்கோ குழுவினர் இந்தப் பறவைகளுக்கு இரண்டு வழி கொடுத்தார்கள். ஒரு பக்கம் போனால் எப்போதும் 3 விதை. இன்னொரு பக்கம் போனால் சில சமயம் 6, சில சமயம் ஒன்றுமே இல்லை. சராசரி இரண்டுக்கும் ஒன்றுதான். 1990-இல் வெளியான முடிவு இது: 19 டிகிரி வெப்பத்தில் பறவைகள் நிச்சயமான 3 விதையை நாடின. 1 டிகிரி குளிரில் சூதாட்டப் பக்கம் சாய்ந்தன.

பைத்தியக்காரத்தனம் மாதிரி தெரியுதா? யோசிச்சுப் பாருங்க. கடும் குளிரில் நிச்சயமான 3 விதை இரவைத் தாண்டப் போதாது. அதைத் தேர்ந்தெடுத்தால் சாவு உறுதி. 6 கிடைத்தால் பிழைக்கலாம். தோற்றால் எப்படியும் போகவேண்டிய உயிர்தான்.

இந்த விளக்கம் ரொம்ப அழகா இருக்கு, அதனாலேயே கொஞ்சம் எச்சரிக்கை தேவை. பின்னால் வேறு பல விலங்குகளிடம் செய்த சோதனைகளில் இந்த விதி சீராகப் பலிக்கவில்லை. இன்றும் விவாதம் முடியவில்லை.

அப்போ பறவைக்குக் கணக்கு தெரியுமா? நம்மை மாதிரிப் பெருக்கி வகுக்கத் தேவையில்லை. ‘சமீபத்தில் நல்லது எவ்வளவு சீக்கிரம் கிடைத்தது’ என்ற ஓர் உணர்வு இருந்தாலே பாதி வேலை முடிந்தது. கிரெப்ஸின் பறவைகள் அவ்வப்போது சின்னதைக் கொத்தியதற்கும், நிலைமை மாறிவிட்டதா என்று சோதித்துப் பார்த்தன என்பது சிலர் தரும் விளக்கம்.

நாளைக்கு மொட்டை மாடியில அரிசியும் உடைச்ச வேர்க்கடலையும் கலந்து வைங்க. எது முதல்ல காலியாகுது, கடலையைக் குறைச்சா என்ன மாறுதுன்னு பார்த்துட்டு எழுதுங்க.