முத்திரை சொல்வதும் சொல்லாததும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில் செல்வோர், தொழிற்சாலைப் பேருந்துகள் அணியணியாய்ச் செல்வதைக் காண்பர். அவற்றில் அமர்ந்திருக்கும் பெண்களில் தறிக் குடும்பத்தாரும் உழவர் குடும்பத்தாரும் உண்டு. அவர்கள் உண்ணும் சோறு எந்தச் சமையற்கூடத்தில், எத்தகைய பாத்திரத்தில் வேகிறது என்பது நமக்குப் புறம்பான விஷயம் அன்று.

2021 டிசம்பரில் நிகழ்ந்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூந்தமல்லிக்கு அருகே ஒரு விடுதியில் தங்கி, ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் பணிபுரிந்த பெண்களில் 159 பேர், உணவு நஞ்சானதால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சென்று பார்த்தபோது எலிகளும், சரிவர வடியாத சாக்கடையும் காணப்பட்டன. சமையற்கூடம் மூடப்பட்டது. தொழிற்சாலை 2022 ஜனவரி 12ஆம் தேதியன்றுதான் மீண்டும் திறந்தது.

அண்மையில் ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவில், உணவகம் தொடங்குவதற்குச் சாமான்கள் வாங்கும் தீர்மானம் வந்தது. விலைப்பட்டியலில் பல முத்திரைகள் அச்சிடப்பட்டிருந்தன. “இத்தனை முத்திரை இருக்கிறதே ஐயா, இன்னும் என்ன பார்க்க வேண்டும்?” என்று முதிய நெசவாளர் ஒருவர் நம்மைக் கேட்டார். நாம் அவருக்கு அவருடைய தொழிலைக் கொண்டே விடை கூறினோம். சேலையிலுள்ள சில்க் மார்க், இழை சுத்தப் பட்டு என்று சொல்லும். சரிகையின் தரத்தையோ சாயத்தின் உறுதியையோ சொல்லாது. சமையற் சாதனங்களின் முத்திரைகளும் அத்தகையனவே.

ஐ.எஸ்.ஐ. முத்திரை, குறிப்பிட்ட ஓர் இந்தியத் தரத்திற்குப் பொருள் ஒத்திருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. அதன் மேலே தர எண்ணும், கீழே உரிம எண்ணும் இருத்தல் வேண்டும். உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் எவரும் சரிபார்க்கலாம்.

1944இல் அமெரிக்காவில் தோன்றிய என்.எஸ்.எஃப். நிறுவனத்தின் முத்திரை சுகாதாரத்தைப் பற்றியது. உணவு படும் பரப்பு வழவழப்பாக உள்ளதா, துருப்பிடிக்காததா, அழுக்குத் தங்கும் இடுக்குகள் இல்லாததா, எளிதில் கழுவத்தக்கதா என்பவற்றை அது ஆராய்கிறது. 1894இல் தோன்றிய யூ.எல். நிறுவனத்தின் வழக்கமான முத்திரையோ மின்சாரம், நெருப்பு ஆகியவற்றின் அபாயத்தைக் குறித்தது. ஐரோப்பியச் சந்தைக்குரிய சி.இ. குறியைப் பல பொருள்களில் உற்பத்தியாளரே தம் பொறுப்பில் இட்டுக்கொள்கிறார்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்னும் எழுத்துகளுடன் காணும் 14 இலக்க எண், உணவுத் தொழில் நடத்துவோருக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தரப்படுவது. அது அடுப்புக்கோ அண்டாவுக்கோ தரப்படும் நற்சான்று அன்று.

எஃகைப் பற்றியும் ஒரு சொல். காந்தம் ஒட்டவில்லை என்பதால் அது 304 வகை என்று துணிந்துவிடலாகாது. நிக்கல் குறைந்த, எளிதில் கறைபடும் 202 வகையிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டுவதில்லை. ஆலையின் சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குக. 304 வகையில் நிக்கல் 8 சதவீதத்திற்குக் குறையாது.

இவையனைத்தும் சரியாக இருந்தும் சோறு கெடலாம். எந்த முத்திரையும் எலியைத் துரத்தாது. சாக்கடையைத் தூர் வாராது. சமைத்த உணவை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழ் குளிர்ச்சியாகவோ வைத்திருக்கும் பொறுப்பு மனிதருடையது.

அன்று குழு, கொள்முதலை ஒரு மாதம் தள்ளிவைத்தது. ஒவ்வொரு முத்திரைக்கும் உரிய எண்ணை எழுத்து மூலம் கேட்பதென்றும், கழுவுமிடமும் சாக்கடையும் அமைந்த பின்னரே சாமான்களை வாங்குவதென்றும் தீர்மானித்தது. முதலில் அத்தீர்மானத்தை வழிமொழிந்தவர் அந்த முதியவரே. அவருடைய பேத்தியும் ஒரகடத்தில் விடுதிச் சோறு உண்பவள் என்பதைப் பின்னரே அறிந்தோம்.