கம்ப்யூட்டர் ஸ்லோவா? உடனே பார்மட் போடாதீங்க! வைரசா, வயசா... வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

சென்னை,

சுவிட்சைப் போட்டுவிட்டு டீ போட்டுக் குடித்து முடித்தாலும் ஸ்கிரீனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு போல்டரைத் திறக்க அரை நிமிடம். கரண்ட் பில் கட்டப் போனால் பக்கம் பாதியில் நிற்கிறது. "என்னங்க இது, ஒரேயடியா ஸ்லோவா இருக்கு" என்று வீட்டில் சத்தம் கேட்டால், அடுத்து வரும் வார்த்தை பெரும்பாலும் "வைரஸ் வந்திருச்சு போல" என்பதுதான்.

உடனே சி.பி.யு. பெட்டியைத் தூக்கி டூவீலரில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவார்கள். "பார்மட் அடிச்சாதான் சரியாகும்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வருவார்கள். சாயங்காலம் கம்ப்யூட்டர் திரும்பி வரும். வேகமாகவும் ஓடும். ஆனால் மகளின் முதல் பிறந்தநாள் போட்டோ, அப்பாவின் கடைசி வீடியோ, ஸ்கேன் செய்து வைத்த மார்க் ஷீட்... எதுவும் இருக்காது.

வீட்டில் ஒரு ஓடு உடைந்து ஒழுகினால் ஓட்டைத்தான் மாற்றுவோம். வீட்டையே இடிக்க மாட்டோம். பார்மட் என்பது வீட்டை இடிக்கிற வேலை. அது கடைசி வைத்தியம். அதற்கு முன்னால் பைசா செலவில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

முதலில் டாஸ்க் மேனேஜர்

காய்ச்சல் என்று போனால் டாக்டர் முதலில் தெர்மாமீட்டர் வைப்பார். விண்டோஸ் கம்ப்யூட்டருக்கும் ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது. அதன் பெயர் டாஸ்க் மேனேஜர். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய 3 கீகளையும் ஒன்றாக அழுத்தினால் திறக்கும். சின்னதாகத் திறந்தால் கீழே உள்ள 'மோர் டீட்டெயில்ஸ்' என்பதை கிளிக் செய்ய வேண்டும்.

கம்ப்யூட்டரை ஆன் செய்த உடனே இதைப் பார்க்கக்கூடாது. அந்த நேரத்தில் நல்ல கம்ப்யூட்டரும் மூச்சு வாங்கத்தான் செய்யும். 20 நிமிடம் விட்டு, திறந்திருக்கும் புரோகிராம்களை எல்லாம் மூடிவிட்டுப் பார்க்க வேண்டும். சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று வரிசையாக சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும்.

* மெமரி 80, 90 என்று நின்றால் ராம் போதவில்லை.

* டிஸ்க் 100-லேயே ஒட்டிக்கொண்டு இருந்தால் ஹார்ட் டிஸ்க் திணறுகிறது.

* எதையும் திறக்காமலே சி.பி.யு. 80, 90 என்று நின்றால் உள்ளே ஏதோ ஒரு புரோகிராம் வேலை பார்த்துக்கொண்டே இருக்கிறது. அது எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

சி.பி.யு. என்ற தலைப்பை கிளிக் செய்தால், அதிகம் தின்னும் புரோகிராம் மேலே வந்து நிற்கும். அதன் பெயரை கூகுளில் போட்டுப் பார்த்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

இதில் 2 பெயர்களைப் பார்த்து பலர் பதறுகிறார்கள். 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்சிகியூட்டபிள்' என்பது விண்டோசின் சொந்த காவலாளி. ஸ்கேன் ஓடும்போது கொஞ்சம் அதிகமாகத்தான் தின்னும். 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' 95 என்று காட்டினால் சி.பி.யு. 95 சதவீதம் சும்மா இருக்கிறது என்று அர்த்தம். இரண்டுமே வைரஸ் இல்லை.

விண்டோஸ் அப்டேட் ஓடும்போதும் இதே ஆமை வேகம்தான். அன்று ராத்திரி கம்ப்யூட்டரை அணைக்காமல் விட்டுவைத்தால் மறுநாள் சரியாகிவிடும்.

இது வயசுக் கோளாறு

2011-ல் தொடங்கி பிளஸ்-2 மாணவர்களுக்கு தமிழக அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆபீஸ்களில் கழித்துக் கட்டிய செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர்களும் ஏராளம். இவற்றில் பலவற்றுக்கு வந்திருப்பது வைரஸ் அல்ல, வயசு.

பழைய ஹார்ட் டிஸ்க் என்பது நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டு. கிராமபோன் ஊசி மாதிரி ஒரு முள் அதன்மேல் ஓடி ஓடித் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிஸ்க்கில் சுழலும் பாகமே கிடையாது. பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்.எஸ்.டி. மாற்றினாலே புதுசு வாங்கியது மாதிரி வேகம் தெரியும். 4 ஜி.பி. ராம் இருந்தால் 8 ஆக்குவது அடுத்த வழி.

அண்ணா சாலை பக்கம் உள்ள ரிச்சி தெருவில் இந்த 2 பொருளும் கிடைக்கும். ஆனால் சும்மா போய் "ஒரு ராம் குடுங்க" என்று கேட்கக்கூடாது. டி.டி.ஆர்.3 ராம் வேறு, டி.டி.ஆர்.4 ராம் வேறு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. பழைய ராமைக் கழற்றிக் கையில் கொண்டுபோவது நல்லது. 2, 3 கடையில் விலை கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.

காசே இல்லாமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. 'சி' டிரைவ் நிரம்பி வழிந்தால் கம்ப்யூட்டர் ஓடாது. ரீசைக்கிள் பின், டவுன்லோட்ஸ் இரண்டையும் காலி செய்தாலே பல ஜி.பி. மிச்சமாகும். பேன் புழுதி அடைத்துக் கிடந்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சி.பி.யு. தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்-அப்' என்ற பக்கத்துக்குப் போனால், ஆன் செய்ததும் அழையா விருந்தாளியாக எழுந்து ஓடும் புரோகிராம்களின் பட்டியல் இருக்கும். வேண்டாததை 'டிசேபிள்' செய்யலாம். 2 ஆன்டி-வைரஸ் போட்டிருந்தால் ஒன்றைத் தூக்கிவிட வேண்டும். இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதி கம்ப்யூட்டரைப் படுக்க வைத்துவிடும்.

ஹார்ட் டிஸ்க்கில் இருந்து 'டக்... டக்...' என்று சத்தம் வருகிறதா? அது சாகப்போகிற டிஸ்க். ஸ்கேன் எல்லாம் ஓட்டிக்கொண்டிருக்காமல் முதல் வேலையாக போட்டோக்களை வேறு இடத்தில் காப்பி எடுத்துவிட வேண்டும்.

உண்மையான வைரசின் அடையாளம்

வேகம் குறைவது மட்டுமே வைரசுக்கு அடையாளம் ஆகாது. அதோடு கீழ்க்கண்டவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால்தான் உஷாராக வேண்டும்.

* விண்டோஸ் டிபென்டர் தானாக அணைந்து கிடக்கும். ஆன் செய்தாலும் நிற்காது.

* பிரவுசரைத் திறந்தால் பழைய பக்கத்துக்குப் பதில் வேறு ஏதோ தேடும் பக்கம் வரும்.

* ஆன்டி-வைரஸ் கம்பெனிகளின் வெப்சைட் மட்டும் திறக்காது.

* நீங்கள் அனுப்பாத மெயில், மெசேஜ் உங்கள் பெயரில் நண்பர்களுக்குப் போயிருக்கும்.

* கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது பேன் பேய் மாதிரி சுற்றும். டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கிவிடும்.

கடைசியில் சொன்னது திருட்டுத்தனமாக கிரிப்டோ காசு தோண்டும் புரோகிராமாக இருக்கலாம். உங்கள் கம்ப்யூட்டர், உங்கள் கரண்ட். காசு மட்டும் யாருக்கோ போகும். காவலுக்கு ஆள் வந்தால் பதுங்கிவிடுகிற மாதிரி சில புரோகிராம்களை எழுதியிருக்கிறார்கள்.

இவை எப்படி உள்ளே வருகின்றன? பெரும்பாலும் நாமே கதவைத் திறந்து விடுகிறோம். காசு கொடுக்காமல் விண்டோசை ஆக்டிவேட் செய்யும் 'கிராக்', பிள்ளைகள் டவுன்லோட் செய்யும் கேம் 'சீட்', திருட்டு சினிமா பக்கத்தில் பெரிதாக மின்னும் 'டவுன்லோட்' பட்டன்... இந்த மூன்றும்தான் அடிக்கடி வரும் வழிகள்.

சுத்தம் செய்வது எப்படி?

வைரஸ்தான் என்று சந்தேகம் வலுத்தால் செய்ய வேண்டியவை:-

1. நெட் கனெக்ஷனைத் துண்டியுங்கள். அந்த கம்ப்யூட்டரில் பேங்க் வேலை எதுவும் வேண்டாம்.

2. போட்டோ, வீடியோ, சர்டிபிகேட் இவற்றை மட்டும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். புரோகிராம்களை காப்பி எடுக்க வேண்டாம். எடுத்தால் வைரசும் கூடவே வரும்.

3. நெட்டைக் கொஞ்ச நேரம் போட்டு டிபென்டரை அப்டேட் செய்து, 'புல் ஸ்கேன்' கொடுங்கள். இது பல மணி நேரம் ஓடலாம். விண்டோஸ் 10, 11-ல் டிபென்டர் இலவசமாகவே இருக்கிறது.

4. அப்படியும் போகாவிட்டால் 'ஆப்லைன் ஸ்கேன்'. கம்ப்யூட்டர் தானாக அணைந்து, விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடும். ஒளிந்துகொள்ளும் வைரஸ் இதில்தான் மாட்டும். சுமார் 15 நிமிடம் ஆகும்.

5. மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' 2017-ல் தொடங்கப்பட்டது. வைரஸ் நீக்கும் கருவிகளை அதன் வெப்சைட்டில் இலவசமாகத் தருகிறார்கள்.

6. மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். ஆனால் அதே கம்ப்யூட்டரில் அல்ல. செல்போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ மாற்ற வேண்டும்.

இத்தனைக்கும் மசியாவிட்டால்தான் ரீசெட் அல்லது பார்மட்.

பேய் காட்டும் போன் நம்பர்

திடீரென ஸ்கிரீன் முழுக்க சிவப்பு. அபாயச் சங்கு சத்தம். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ். உடனே இந்த நம்பருக்கு போன் செய்யுங்கள்" என்று மைக்ரோசாப்ட் பெயரில் ஒரு அறிவிப்பு வரும். இது வைரஸ் எச்சரிக்கை அல்ல, வலை. மைக்ரோசாப்ட் தனது எச்சரிக்கையில் போன் நம்பர் போடுவதே கிடையாது.

போன் செய்தால் இனிமையாகப் பேசுவார்கள். "ஒரு சின்ன ஆப் போடுங்க சார், நாங்களே சரி பண்ணித் தர்றோம்" என்பார்கள். போட்டதும் உங்கள் கம்ப்யூட்டர் அவர்கள் கைக்குப் போய்விடும். அப்புறம் பேங்க் கணக்கும் போகும். இந்த மாதிரி மோசடி கும்பல்களைப் பிடிக்க 2023 அக்டோபரில் சி.பி.ஐ. 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் பல மாநிலங்களில் சோதனை நடத்தியது.

அந்தப் பக்கம் மூட மறுத்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரை 'எண்ட் டாஸ்க்' செய்தால் போதும். மூலையில் ஓயாமல் "வைரஸ், வைரஸ்" என்று எட்டிப் பார்க்கும் குட்டி பெட்டிகள் பல நேரம் வெறும் பிரவுசர் நோட்டிபிகேஷன்தான். எப்போதோ ஒரு பக்கத்தில் 'அலோ' என்று அமுக்கியதன் பலன். பிரவுசர் செட்டிங்சில் நோட்டிபிகேஷன் பட்டியலுக்குப் போய் அந்த வெப்சைட்டை நீக்கினால் அன்றோடு தொல்லை தீரும்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீங்க. உடனே 1930 என்ற நம்பருக்கு போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு தூரம் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

ஜெராக்ஸ் கடை பென்டிரைவ்

பெர்சனல் கம்ப்யூட்டரைத் தாக்கிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் 'பிரெய்ன்' 1986-ல் பாகிஸ்தானின் லாகூரில் எழுதப்பட்டது. அது பிளாப்பி மூலம் பரவியது. பிளாப்பி போய் பென்டிரைவ் வந்தது. கதை மட்டும் மாறவில்லை.

பயோடேட்டா பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவைச் செருகுகிறோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் போல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிக் கிடக்கும். ஐயோ, பைல் எல்லாம் போச்சே என்று அலற வேண்டாம். பெரும்பாலும் பைல் அழிவதில்லை. மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அந்த ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்தால்தான் வைரஸ் உங்கள் கம்ப்யூட்டருக்குள் இறங்கும். எனவே கை வைக்காமல் பென்டிரைவை டிபென்டரில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு 'வியூ' மெனுவில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்தால் பைல்கள் தலைகாட்டும். அப்படியும் வராவிட்டால் போல்டர் ஆப்ஷன்சில் 'ஹைட் ப்ரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் பைல்ஸ்' என்ற டிக்கை எடுக்க வேண்டும்.

பிரிண்ட் எடுக்க மட்டும் ஒரு தனி பென்டிரைவ் வைத்துக்கொண்டு, அதில் பிரிண்ட் போட வேண்டியதை மட்டும் கொண்டு போவது நல்லது.

பூட்டு மாற்றாத வீடு

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ந்தேதியும் மைக்ரோசாப்டின் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீடுகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை கூடுதல் பாதுகாப்பு பெறும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு 2017-ல் வந்த 'வான்னாகிரை' சாட்சி. பைல்களை எல்லாம் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே முடங்கின. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை 2 மாதத்துக்கு முன்பே மைக்ரோசாப்ட் கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 11 ஏற்காத பழைய கம்ப்யூட்டர் என்றால் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம்.

கடைக்குப் போகும் முன்...

எல்லாம் செய்தும் முடியவில்லை என்றால் கடைக்குக் கொண்டுபோவதில் தப்பே இல்லை. போகும்போது, "போட்டோ எல்லாம் காப்பி எடுத்துட்டு, என்கிட்ட கேட்டுட்டுதான் பார்மட் போடணும்" என்று தெளிவாகச் சொல்லி, பில்லிலும் எழுதி வாங்குங்கள். பேங்க், மெயில் பாஸ்வேர்டு எதையும் கொடுக்க வேண்டாம். புது டிஸ்க் மாற்றினால் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வர வேண்டும். அதில் இருப்பது உங்கள் குடும்பத்தின் போட்டோக்கள்.

விண்டோசைத் திரும்பப் போட சில மணி நேரம் போதும். அழிந்த போட்டோவைத் திரும்ப எடுப்பது பல நேரம் முடியாமலே போகலாம் என்பது குறிப்பிடத்தக்கது.