வணிகக் கல்விக்குப் புலமைப் பரிசில் பெறும் வழி

வடமராட்சிப் பெற்றோர் தம் பிள்ளையை வைத்தியனாகவோ பொறியியலாளனாகவோ காண விரும்புதல் நெடுங்கால வழக்கம். ஆயினும், நெல்லியடிச் சந்தியில் நின்று நாற்புறமும் நோக்குவோர்க்கு இவ்வூரை வாழ்விப்பதில் வாணிகத்திற்குள்ள பங்கு எளிதிற் புலனாகும். அவ்வாணிகத்தை முறையாகக் கற்க விரும்பும் மாணவர் நம்மிடையே உளர். அவர்களுட் பலரைத் தடுப்பது அறிவுக் குறைவன்று, பணக் குறைவே. அக்குறை தீர்க்கும் புலமைப் பரிசில்கள் உள்ளன. எப்பரிசில் எப்படிப்பிற்கு உரியது என்பதை உரிய காலத்தில் அறியாமையால் அவை கைநழுவிப் போகின்றன. ஆதலின் அவற்றை ஒழுங்குபட இங்கு எடுத்துரைப்பாம்.

முதலில் நம் நாட்டுப் படிப்பை நோக்குவோம். கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாக, அரசாங்கப் பல்கலைக் கழகங்களில் முதற் பட்டத்திற்குத் தெரிவாகும் மாணவர் கற்பித்தற் கட்டணம் செலுத்துவதில்லை. ஆயினும் உணவு, உறைவிடம், நூல், பயணம் ஆகிய செலவுகள் உள. யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தில் முகாமைத்துவம் பயில்வோன் வீட்டிலிருந்தே சென்று வரலாம். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக் கழகத்திற்குத் தெரிவானவன் கொழும்புச் செலவுக்கு ஆயத்தமாதல் வேண்டும்.

இச்செலவிற்கு உதவுவது மகாபொல புலமைப் பரிசில். 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இந்நிதியத்தைத் தோற்றுவித்தவர், அக்காலத்தில் வர்த்தக அமைச்சராயிருந்த லலித் அத்துலத்முதலி. வர்த்தகக் கண்காட்சிகளும் அதிர்ஷ்டலாபச் சீட்டுக்களும் இதற்குப் பொருள் ஈட்டின. பரீட்சைத் தேர்ச்சியும் குடும்ப வருமானமும் நோக்கியே பரிசில் வழங்கப்படும். மாதச் சம்பளம் பெறுவோர்க்கு வருமானத்தை நிறுவுதல் எளிது. கமக்காரர், மீனவர், சிறுகடைக்காரர் ஆகியோர்க்கோ அது கடினம். இவர்கள் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் பெறவேண்டிய சான்றுகளை இறுதி நாள் வரை விட்டுவைத்தல் ஆகாது.

இரண்டாவது, பாரத நாட்டில் கற்கும் வழி. 1950 இல் நிறுவப்பெற்ற இந்தியக் கலாசார உறவுகள் பேரவை இலங்கை மாணவர்க்கெனப் பரிசில்களை வழங்கி வருகின்றது. நேரு ஞாபகார்த்தப் பரிசில் முதற் பட்டத்திற்கும், மௌலானா ஆசாத் பரிசில் முதுமாணிப் பட்டத்திற்கும் உரியவை. கற்பித்தற் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் இவற்றில் அடங்கும். வணிகமும் பொருளியலும் இவற்றுக்குரிய துறைகளே. மருத்துவக் கல்விக்கு மட்டுமே இந்தியா உதவும் என்று எண்ணியிருப்போர் இதனைக் கவனிப்பாராக. உண்மையில் இப்பரிசில்களில் மருத்துவம் சேர்வதில்லை.

மூன்றாவது, மேல்நாடுகளில் வணிக நிர்வாக முதுமாணி பயிலும் வழி. இங்கேதான் நம்மவர் பெரிதும் மயங்குகின்றனர். பொதுநலவாயப் புலமைப் பரிசிலின் எண்ணம், 1958 இல் மொன்றியலிற் கூடிய வர்த்தகப் பொருளாதார மகாநாட்டில் உருப்பெற்று, 1959 இல் ஒக்ஸ்போர்டில் திட்டமாயிற்று. வர்த்தக மகாநாட்டிற் பிறந்ததாயினும், பிரித்தானியா வழங்கும் பொதுநலவாயப் பரிசில் வணிக நிர்வாக முதுமாணிக்குப் பொதுவாகப் பொருளுதவி செய்வதில்லை. இதனை அறியாது விண்ணப்பிப்பவன் ஓராண்டை வீணே இழப்பான்.

1983 இல் தொடங்கிய செவெனிங் பரிசில் அப்படிப்பிற்கும் கிடைக்கும். எனினும் கட்டணத்திற்கு ஓர் உச்ச எல்லை உண்டு. எல்லைக்கு மேற்பட்ட தொகையை மாணவனே தேடிக்கொள்ளல் வேண்டும். பட்டத்துடன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுத் தொழில் அனுபவமும் அதற்கு வேண்டும். படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்பி இரண்டாண்டு தங்குதலும் நிபந்தனையாகும். ஆகவே பட்டம் பெற்றவுடன் பரிசில் தேடி அலைவதினும், ஒரு வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வணிக நிலையத்திலோ பணியாற்றி அனுபவம் பெறுதலே அறிவுடைமை.

விண்ணப்பம் எழுதுவோர் ஒன்றை மனத்திற் பதித்தல் வேண்டும். தேர்வாளர் வேண்டுவது பெற்ற புள்ளிகளின் பட்டியலை மட்டுமன்று. கற்ற கல்வியால் யாது செய்வாய் என்பதற்கு விடையையும் வேண்டுவர். "நாட்டிற்குச் சேவை செய்வேன்" என்று எழுதுவோர் ஆயிரவர். நம் பகுதியில் சின்ன வெங்காயம் விளைந்து குவியுங் காலத்தில் விலை வீழ்வதேன், அதனைச் சேமித்து விற்க யாது வழி, அதற்கு எக்கல்வி வேண்டும் என்று எழுதுபவனோ தனித்து நிற்பான். அவ்வறிவு பெறக் கடல் கடக்க வேண்டியதில்லை. சந்தைக்குச் சென்று கண் திறந்து பார்த்தலே போதும்.

இனிப் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். பரிசில் பெற்றபின் பணம் வரும். பெறுவதற்கு முன் ஆகும் செலவே ஏழை மாணவனை வீழ்த்துகின்றது. ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், சான்றிதழ்ப் பிரதிகள், நேர்முகத்திற்குக் கொழும்புப் பயணம் என அது பலவாகும். இவற்றிற்கெனச் சிறு சுழல்நிதி ஒன்றை நம் சங்கம் அமைத்தல் நன்று. உதவி பெற்றோர் தொழில் புரியத் தொடங்கியதும் திருப்பிச் செலுத்த, அடுத்தவர்க்கு அது பயன்படும். விண்ணப்ப இறுதி நாட்களை ஆண்டுதோறும் கல்லூரி விளம்பரப் பலகையில் எழுதுதலும், முன்னர்ப் பரிசில் பெற்றோர் இளையோரை நேர்முகத்திற்குப் பழக்குதலும் பணமின்றியே செய்யத்தக்கவை.

யூபிலி ஆண்டில் விழா எடுத்து மகிழ்தல் தக்கதே. அவ்விழாவின் நினைவாக, வறுமையால் கல்வி தடைப்பட்ட ஒரு மாணவனையேனும் பல்கலைக் கழக வாயிலிற் கொண்டு சேர்ப்போமாயின், அதுவே இக்கல்லூரிக்கு நாம் செலுத்தும் சிறந்த காணிக்கையாகும்.