மேலமலைக்கு ஏறும் மடிக்கணினி

நார்த்தாமலையின் மேலமலைச் சரிவில் நிற்கிறது விஜயாலய சோழீசுவரம். சாத்தன் பூதி எடுப்பித்த அக்கற்றளி மழையில் இடிந்தபோது மல்லன் விடுமன் புதுப்பித்தான் என்று கல்வெட்டே கூறுகிறது. அவ்வெழுத்துகளைப் பார்த்து அங்கேயே அமர்ந்து பதிவு செய்ய விரும்பும் ஆய்வு மாணவர் எந்தச் சிறு மடிக்கணினியை வாங்குவது? மலிவானதா, விலை உயர்ந்ததா? உதவித்தொகையில் தவணை கட்டப்போகிறவருக்கு இது விளையாட்டுக் கேள்வி அல்ல.

2007-இல் ஆஸுஸ் நிறுவனம் 7 அங்குலத் திரையுடன், ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில், ‘ஈ பிசி’ என்ற மலிவுக் கணினியைக் கொண்டுவந்தது. அடுத்த ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் தபால் உறைக்குள்ளிருந்து ‘மேக்புக் ஏர்’ ஒன்றை உருவிக் காட்டினார். விலை 1,799 டாலர்! போட்டி அன்றே தொடங்கிவிட்டது.

பாறையில் வெயில் கொளுத்தும். மலிவுக் கணினியின் திரை பெரும்பாலும் 250 நிட் வெளிச்சமே தரும். பார்ப்பவர் முகம்தான் அதில் தெரியும்! உயர்ந்த ரகங்கள் 400, 500 வரை தரும். மின்கலமும் நெடுநேரம் தாங்கும். 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏருக்கு விசிறியே கிடையாது; தூசியை உள்ளே இழுக்காது. ஆனால் அதன் நினைவகத்தைப் பின்னால் கூட்ட வழியில்லை. வாங்கும்போதே தீர்மானிக்க வேண்டும்.

மாலையில் வீடு திரும்பித் தட்டச்சு செய்பவருக்கோ 8 ஜிபி நினைவகமுள்ள மலிவுக் கணினியே தாராளம். எதுவானாலும், பணம் கொடுக்குமுன் கடை வாசல் வெயிலில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.